சேற்றுக்குள் நிற்கும் நீர்: சுரங்கக் கழிவு அணைகளைக் களத்திலேயே சோதித்த வரலாறு

ஒரு டன் தங்கத் தாதுவிலிருந்து சில கிராம் தங்கமே கிடைக்கும் என்பதால், மாவாக அரைக்கப்பட்ட பாறை ஏறக்குறைய முழுவதும் நீரோடு கலந்த குழம்பாக ஆலையைவிட்டு வெளியேறுகிறது. செம்பு, இரும்பு, பிளாட்டினம் ஆகியவற்றிலும் அளவு வேறுபடுமே தவிர நிலைமை இதுதான். அந்தக் குழம்பைத் தேக்கிவைக்க எழுப்பப்படும் கரையே கழிவுச்சேற்று அணை எனப்படும். நீர்த்தேக்க அணை பெரும்பாலும் முழுதாகக் கட்டி முடிக்கப்பட்ட பின்னரே நிரப்பப்படுகிறது. கழிவுச்சேற்று அணையோ சுரங்கம் இயங்கும் காலம் முழுவதும் சிறிது சிறிதாக உயர்ந்துகொண்டே போகிறது. செலவைக் குறைப்பதற்காகக் கழிவையே கரைக்கான பொருளாக்கி, முன்பு படிந்து ஓரளவு இறுகிய சேற்றின் மீதே அடுத்த கரையை உள்நோக்கி நகர்த்தி எழுப்பும் வழக்கம் பல நாடுகளில் பரவியது. ஒவ்வொரு படியிலும் கரை நீர் தேங்கும் பக்கமாக நகர்வதால் இதனை மேல்நீர் முறை என்பர். இம்முறையில் எழும் அணை, தான் எதைத் தடுத்து நிற்கிறதோ அதன் மீதே நிற்கிறது. அந்த அடிச்சேறு எவ்வளவு உறுதியானது, அதற்குள் நீர் எந்த அழுத்தத்தோடு இருக்கிறது என்னும் இரண்டு கேள்விகளுக்கும் விடை தெரியாமல் அடுத்த படியை எழுப்புவது கீழே வாழும் மக்களின் உயிரைப் பணயம் வைப்பதாகும். ஆயினும் அக்கேள்விகளைச் சேற்றிடமே, அது இருக்கும் இடத்திலேயே கேட்டறியும் கருவிகள் உருவாக நெடுங்காலம் ஆயிற்று.

அந்தக் காலத்தின் பெரும்பகுதியைத் தென்னாப்பிரிக்காவின் விட்வாட்டர்ஸ்ராண்ட் தங்கவயல்களில் தெளிவாகக் காணலாம். 1886இல் அங்கே தங்கம் கண்டறியப்பட்டது. சில ஆண்டுகளில் சுரங்கங்கள் ஆழம் போகப் போக, பாதரசத்தால் தங்கத்தைப் பிரிக்கும் பழைய முறை பலன் தராத தாது வெளிவரத் தொடங்கியது. 1887இல் கிளாஸ்கோ நகரில் மக்கார்தரும் ஃபாரஸ்ட் சகோதரர்களும் காப்புரிமை பெற்ற சயனைடு முறை 1890இல் ஜோகன்னஸ்பர்க்கில் செயல்படுத்திக் காட்டப்பட்டதோடு தொழில் மீண்டும் உயிர்பெற்றது. ஆனால் அம்முறைக்குத் தாதுவை மென்மேலும் நுண்ணியதாக அரைக்க வேண்டியிருந்தது. தொடக்கத்தில் பருமணலையும் நுண்சேற்றையும் தனித்தனியே பிரித்து, மணலை மேடுகளாகக் குவித்தும் சேற்றைக் கரை கட்டித் தேக்கியும் வந்தனர்; அரைப்பு இயந்திரங்கள் முன்னேறியபின் கழிவு முழுவதுமே சேறாயிற்று. அதனைத் தேக்க அங்குள்ள தொழிலாளர் கண்ட வழி எளியது. ஓரத்தில் மண்வெட்டியால் சிறுவரப்பு எழுப்பிப் பாத்திகள் அமைத்து, பகலில் மேற்பார்வையாளர் இருக்கும் நேரத்தில் குழம்பை அப்பாத்திகளுக்கும், இரவில் அணையின் நடுப்பகுதிக்கும் பாய்ச்சினர். ஓரப்பாத்தியில் படிந்த சேறு வெயிலில் காய்ந்து வெடித்து இறுகியபின் அதன் மீது அடுத்த வரப்பு ஏறியது. தெளிந்த நீர் நடுவிலுள்ள செங்குத்துக் குழாய் வழியாக வடிந்து ஆலைக்குத் திரும்பியது.

மழையைவிட ஆவியாதல் மிகுந்த அந்த உயர்சமவெளியின் காலநிலைதான் இம்முறையைக் காத்தது என்று சொல்வது மிகையாகாது. காயும் சேற்றில் நீர் துகள்களை ஒன்றோடொன்று இழுத்துப் பிடிக்கும் உறிஞ்சுவிசை உண்டாகி, கரைக்கு வலு சேர்த்தது. அணை ஆண்டுக்கு ஏறத்தாழ 2 மீட்டருக்கு மேல் உயரக் கூடாது என்ற பட்டறிவு விதி, ஒவ்வொரு படலமும் காய்வதற்குப் போதிய நாள் தரும் விதியே. கணக்கீட்டிலிருந்து பிறக்காத இவ்விதி பல பத்தாண்டுகள் நன்றாகவே பயன்பட்டது. எனினும் அது எதனால் பயன்படுகிறது என்பது தெரியாதவரை, எப்போது பயன்படாமல் போகும் என்பதையும் யாராலும் சொல்ல முடியவில்லை. கோலார் தங்கவயலில் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்த தெருக்களுக்குப் பின்னால் எழுந்து நிற்கும் சயனைடு மேடுகளும் இதே தொழில்நுட்பம் விட்டுச் சென்ற எச்சங்களே. 2001இல் சுரங்கம் மூடப்பட்ட பிறகும் 3 கோடி டன்னுக்கு மேற்பட்ட அரைத்த பாறை அங்கே கிடக்கிறது.

சேற்றின் வலு நீரைச் சார்ந்தது என்பதற்கான அறிவியல் அடிப்படை சுரங்கத் தொழிலுக்கு வெளியே உருவானது. 1856இல் பிரான்சின் திஜோன் நகரக் குடிநீர்த் திட்டத்தைப் பற்றிய நூலில் ஆன்றி தார்சி, மணற்படுகை வழியே நீர் கசியும் வேகம், படுகையின் இரு முனைகளுக்கிடையே உள்ள நீர்மட்ட வேறுபாட்டைப் பொறுத்தது என்று நிறுவினார். 1920களில் கார்ல் டெர்சாகி, மண்ணின் மீது விழும் மொத்தச் சுமையை இரண்டு பங்காகப் பிரித்துக் காட்டினார்: ஒரு பங்கைத் துகள்கள் ஒன்றையொன்று அழுத்தித் தாங்குகின்றன; மறுபங்கைத் துகள்களுக்கு இடையிலுள்ள நீர் தாங்குகிறது. நீர் தாங்கும் பங்குக்குத் துளைநீர் அழுத்தம் என்று பெயர். வழுக்கலை எதிர்க்கும் வலு துகள்கள் தாங்கும் பங்கிலிருந்து மட்டுமே பிறக்கிறது. ஆகவே மொத்தச் சுமை மாறாமல் இருக்கும்போதே துளைநீர் அழுத்தம் உயர்ந்தால், அந்த அளவுக்கு வலு குறைந்துவிடும். முழுச்சுமையையும் நீரே ஏற்கும் நிலை வந்தால் திண்மண் திரவம்போல் ஓடும். மண் திரவமாதல் என்று இன்று அழைக்கப்படும் இந்நிகழ்வுக்குரிய அடிப்படையை 1936இல் ஆர்தர் காசகிராண்டே வகுத்தார். வெட்டுவிசைக்கு உள்ளாகும் மணல், நெகிழ்வாக இருந்தால் சுருங்க முற்படும். நெருக்கமாக இருந்தால் விரிய முற்படும். இரண்டுக்கும் இடையே ஓர் எல்லை அடர்த்தி உண்டு என்பது அவர் கண்டது. கடற்கரை ஈரமணலில் காலை ஊன்றும்போது காலைச் சுற்றி மணல் ஒரு கணம் உலர்ந்ததுபோல் வெளுப்பது நெருக்கமான மணல் விரிந்து நீரை உள்ளிழுப்பதன் அடையாளம். கழிவுச்சேற்று அணையில் அஞ்ச வேண்டியது இதற்கு நேர்மாறான நிலை: நெகிழ்ந்து படிந்த நுண்மணல் சட்டென்று சுருங்க முற்பட, வெளியேற வழியில்லாத நீர் சுமை முழுவதையும் தன்மேல் ஏற்றுக்கொள்ளும் நிலை.

இவ்வளவு தெரிந்த பிறகும் ஓர் அடிப்படை இடர்ப்பாடு எஞ்சியது. மண்ணின் தன்மையை அறியக் குழாய் இறக்கி மாதிரி எடுத்து ஆய்வகத்துக்குக் கொண்டுபோவதே வழக்கம். களிமண்ணுக்கு அது ஓரளவு பொருந்தும். ஒட்டும் தன்மையற்ற நுண்மணலும் வண்டலும் குழாய்க்குள் ஏறும்போதே குலுங்கி நெருங்கிவிடுகின்றன. சாலையில் வண்டி குலுங்கும்போது இன்னும் நெருங்குகின்றன. களத்தில் ஆபத்தான நெகிழ்வோடு இருந்த சேறு ஆய்வக மேசையை அடையும்போது பாதுகாப்பான அடர்த்தி பெற்றுவிடுகிறது. துளைநீர் அழுத்தத்தின் நிலை இதைவிட மோசமானது. அது மேலுள்ள சுமையாலும் சுற்றிலும் நடக்கும் கசிவாலும் அந்த இடத்திலேயே உண்டாகும் அளவு. மண்ணைத் தோண்டி எடுத்த கணமே மறைந்துவிடுகிறது. எனவே கழிவுச்சேற்று அணையைப் பொறுத்தவரை களச் சோதனை என்பது ஆய்வகச் சோதனைக்கு மலிவான மாற்றாக வந்ததன்று. வேறெந்த வழியிலும் பெற முடியாத ஓர் எண்ணைப் பெறுவதற்கான ஒரே வழி அது.

நீரின் அழுத்தத்தை அளக்கும் பீசோமீட்டர் முதலில் வந்தது. அடியில் நுண்துளைக் கல் பொருத்திய மெல்லிய குழாயை மண்ணுக்குள் நட்டு, துளையின் மேற்பகுதியைக் களிமண்ணால் அடைத்துவிட்டால், குழாய்க்குள் நீர் ஏறி நிற்கும் உயரம் அக்கல் இருக்கும் ஆழத்திலுள்ள அழுத்தத்தைக் காட்டும். பாஸ்டன் விமான நிலையக் கட்டுமானத்தை ஒட்டி உருவாக்கி 1949இல் காசகிராண்டே வெளியிட்ட வடிவம் இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. பின்னர் வந்த அதிர்கம்பிப் பீசோமீட்டர், இழுத்துக் கட்டிய கம்பியின் அதிர்வெண் அழுத்தத்துக்கு ஏற்ப மாறுவதைக் கொண்டு, தொலைவிலிருந்தே தொடர்ச்சியாக அளக்க வழிசெய்தது. இரண்டுக்கும் பொதுவான குறை ஒன்று உண்டு. அவை நட்ட புள்ளியின் செய்தியை மட்டுமே தரும். இரண்டு புள்ளிகளுக்கு இடையில் என்ன இருக்கிறது என்பதை அறிய அவற்றால் முடியாது. ஒவ்வொரு நாளும் ஒரு படலமாகப் படிந்த சேற்றில் ஒரு விரற்கடைக்கு ஒரு விரற்கடை மண் மாறுகிறது.

அந்த இடைவெளியை நிரப்பிய கருவி நெதர்லாந்திலிருந்து வந்தது. 1918 செப்டம்பர் 13 அன்று வேஸ்ப் என்னும் ஊரருகே, மழையில் ஊறிய ரயில் பாதைக் கரை சரிந்து 41 பேர் இறந்தனர். கடல்மட்டத்துக்குக் கீழே, மென்மண் மீது வாழும் அந்த நாட்டில் மண்ணியலைத் தனித்துறையாக வளர்க்கத் தூண்டிய நிகழ்வுகளுள் அது முதன்மையானது. 1934இல் டெல்ஃப்ட் மண்ணியல் ஆய்வகம் தோன்றியது. அதற்குச் சற்று முன்பு, 1932இல், அரசின் நீர்ப்பணித் துறைப் பொறியாளர் பாரென்ட்சன், ஓர் எரிவாயுக் குழாய்க்குள் எஃகுத் தண்டைச் செருகி, அதன் முனையில் 60 பாகைக் கோணமும் 10 சதுர சென்டிமீட்டர் அடிப்பரப்பும் கொண்ட கூம்பைப் பொருத்தி, கையால் மண்ணுக்குள் அழுத்தி, மண் தரும் எதிர்ப்பை அளந்தார். முனையின் கோணமும் பரப்பும் இன்றுவரை ஏறத்தாழ அப்படியே நீடிக்கின்றன. 1950களில் பெகெமான் கூம்புக்கு மேலே ஓர் உறையைச் சேர்த்து, பக்கவாட்டு உராய்வையும் அளக்க வைத்தார். களிமண் கூம்புக்குக் குறைந்த எதிர்ப்பும், அதனோடு ஒப்பிட மிகுந்த உராய்வும் தரும்; மணல் அதற்கு மாறாக நடக்கும். எனவே இரண்டின் விகிதத்திலிருந்து, மண்ணைக் கண்ணால் காணாமலேயே அதன் இனத்தைக் கணிக்க முடிந்தது. 1960களில் மின்னுணர்விகள் கூம்புக்குள்ளேயே குடியேறியபின், வினாடிக்கு 2 சென்டிமீட்டர் வேகத்தில் இடையறாது இறங்கும் தண்டு, ஆழத்தோடு மாறும் எதிர்ப்பைத் தொடர்கோடாக வரைந்து தந்தது.

இக்கருவி சுரங்கங்களை வந்தடையும் முன் பலர் சேற்றில் புதைந்தனர். 1928 டிசம்பரில் சிலி நாட்டு நிலநடுக்கத்தில் பராஹோனா அணை உடைந்து 54 பேர் மாண்டனர். அதே நாட்டில் 1965 மார்ச் 28 அன்று மற்றொரு நிலநடுக்கத்தில் எல் கோப்ரே அணைகள் திரவமாகி ஓடி, அடிவாரத்திலிருந்த குடியிருப்பைத் துடைத்தழித்து, 200க்கும் மேற்பட்டோரைக் கொன்றன. சிலி 1970இல் மேல்நீர் முறைக்குத் தடை விதித்தது இதன் விளைவே. நிலநடுக்கம் அரிதான தென்னாப்பிரிக்காவில் அத்தகைய அச்சம் எழவில்லை. ஆனால் 1974 நவம்பர் 11 அன்று பஃபோகெங் பிளாட்டினச் சுரங்கத்தின் அணை கனமழைக்குப் பின் உடைந்து, ஏறத்தாழ 30 லட்சம் கன மீட்டர் சேறு வெளியேறியது. அதில் ஒரு பகுதி சுரங்கக் குழிக்குள் பாய்ந்து, நிலத்தடியில் வேலை செய்துகொண்டிருந்த 12 பேரைப் பலிகொண்டது. விட்வாட்டர்ஸ்ராண்ட் பல்கலைக்கழகத்தின் ஜெரமையா ஜென்னிங்ஸ் அதனை ஆராய்ந்து எழுதினார். நிலம் அசையாமலேயே அணை ஓடக்கூடும் என்பதை அந்நாட்டுப் பொறியாளர் இதன் பின்னரே முழுமையாக உணர்ந்தனர்.

நீரையும் மண்ணையும் ஒரே தண்டால் அளக்கும் எண்ணம் அதே ஆண்டுகளில் பல நாடுகளில் ஒன்றையொன்று சாராமல் முளைத்தது. நார்வேயில் யான்புவும் சென்னசெட்டும், சுவீடனில் தோர்ஸ்டென்சனும், அமெரிக்காவில் விசாவும் உடன்பணியாளரும், மண்ணுக்குள் அழுத்தும்போதே துளைநீர் அழுத்தத்தைப் பதிவு செய்யும் முனைகளை 1974, 1975 ஆண்டுகளில் விவரித்தனர். கூம்புக்குச் சற்று மேலே நுண்துளை வளையம் ஒன்றைப் பொருத்தி, எதிர்ப்பு, உராய்வு, நீரழுத்தம் மூன்றையும் ஒருசேர அளக்கும் பீசோகோன் 1980களின் தொடக்கத்தில் நிலைபெற்றது. தென்னாப்பிரிக்காவில் ஜோன்ஸ், வான் சைல், ரஸ்ட் ஆகிய மூவரும் சுரங்கக் கழிவின் தன்மையை இக்கருவியால் அறிவது பற்றி 1981இல் செயின்ட் லூயிஸ் மாநாட்டில் அளித்த கட்டுரை, கழிவுச்சேற்று அணைகளின் வரலாற்றில் ஒரு திருப்பம். நெதர்லாந்தின் இயற்கை மண்ணுக்காகப் பிறந்த ஊசி, மனிதர் அரைத்துக் கரைத்துப் படியவைத்த மண்ணுக்குப் பொருந்துமா என்பதே அவர்கள் எழுப்பிய கேள்வி.

பொருந்தியது மட்டுமன்றி, அணைக்குள் நீர் எப்படி நடக்கிறது என்பதைப் பற்றி நிலவிய ஓர் எளிய நம்பிக்கையை அது திருத்தவும் செய்தது. தண்டை ஓர் ஆழத்தில் நிறுத்தினால், கூம்பு நுழைந்ததால் எழுந்த கூடுதல் அழுத்தம் மெல்லத் தணிந்து, அவ்விடத்தின் இயல்பான அழுத்தத்தில் வந்து நிற்கும். தணியும் வேகம் மண் எவ்வளவு எளிதாக நீரை விடுகிறது என்பதைச் சொல்லும். தணிந்து நின்ற அளவு அங்குள்ள கசிவின் நிலையைச் சொல்லும். இதனைத் தணிவுச் சோதனை என்பர். ஒரே துளையில் பல ஆழங்களில் இதைச் செய்தால், ஆழத்தோடு அழுத்தம் எவ்வாறு மாறுகிறது என்ற கோடு கிடைக்கும். நீர் அசையாமல் நின்றால் ஒவ்வொரு மீட்டர் ஆழத்துக்கும் ஏறத்தாழ 10 கிலோபாஸ்கல் வீதம் அழுத்தம் கூட வேண்டும். அடிநிலமோ அடிவடிகாலோ நீரை உறிஞ்சும் அணைகளில் அக்கோடு இதைவிடச் செங்குத்தாக நின்றது. நீர் கீழ்நோக்கிக் கசிந்துகொண்டிருந்ததால் ஆழத்தில் அழுத்தம் எதிர்பார்த்ததைவிடக் குறைவாக இருந்தது. மேலே ஒரு பீசோமீட்டரில் நீர்மட்டத்தைக் கண்டு, அதற்குக் கீழே எல்லாம் நின்ற நீரே என்று கொண்ட கணக்குகள் அங்கே அணையின் வலுவைக் குறைத்து மதிப்பிட்டிருந்தன. வேறு சில இடங்களில் நுண்சேற்றுப் படலம் ஒன்றின் மீது நீர் தொங்கி நிற்க, ஆழத்தில் நட்ட பீசோமீட்டர் உலர்ந்திருப்பதைப் பார்த்து அணை வடிந்துவிட்டதாக நம்பும் எதிர்ப்பிழையும் நேரக்கூடும். கசிவின் மேல் எல்லையைக் காட்டும் ஒற்றைக்கோட்டை வரைபடத்தில் இழுத்துவிட்டு அமைதி கொள்வது எவ்வளவு ஆபத்தானது என்பதை இந்தச் சோதனை போல் வேறெதுவும் கற்பிக்கவில்லை.

கருவியின் நேர்மை அதைக் கையாள்வோரின் பொறுமையைப் பொறுத்தது. நுண்துளை வளையத்தில் ஒரு காற்றுக்குமிழ் தங்கினாலும் அழுத்தம் தாமதமாகப் பதிவாகும். ஆதலால் வளையத்தைக் கிளிசரினிலோ சிலிக்கோன் எண்ணெயிலோ வெற்றிடத்தில் ஊறவைத்தே பொருத்துகின்றனர். காய்ந்து வெடித்த மேல்சேறு உறிஞ்சுவிசையால் அந்தத் திரவத்தையே இழுத்துவிடக்கூடும் என்பதால், அப்பகுதியை முன்னரே துளைத்து நீர் நிரப்பிவிட்டு இறக்குவதும் உண்டு. இதைவிட ஆழமான சிக்கல் ஒன்று இருக்கிறது. வினாடிக்கு 2 சென்டிமீட்டர் என்ற வேகத்தில் களிமண்ணிலிருந்து நீர் வடிவதே இல்லை; மணலிலிருந்து உடனே வடிந்துவிடுகிறது; அரைத்த பாறையின் வண்டலோ இரண்டுக்கும் நடுவே, பாதி வடிந்த நிலையில் நிற்கிறது. களிமண்ணுக்கும் மணலுக்கும் வகுத்த சூத்திரங்களில் எதைக் கொண்டு அந்த எண்ணைப் படிப்பது என்பதில் இன்றும் ஆய்வாளரிடையே கருத்துவேறுபாடு உண்டு. நான்கு இறகு கொண்ட தகட்டை மண்ணுக்குள் சுழற்றி வலுவை அளக்கும் இறகுச் சோதனையை உடன் நடத்தி ஒப்பிடுவதும், கூம்புக்குள் அதிர்வுணர்வியை வைத்து வெட்டலையின் வேகத்தை அளப்பதும் இக்குறையை ஓரளவு ஈடுசெய்கின்றன. பின்னதை 1980களில் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கம்பனெல்லாவும் ராபர்ட்சனும் வளர்த்தெடுத்தனர்.

கருவி கையில் இருந்தும் பேரழிவு நேர்ந்தது. 1994 பிப்ரவரி 22 மாலை, ஃப்ரீ ஸ்டேட் மாகாணத்தில் வர்ஜினியா நகரத்தின் மெரிஸ்பிரூட் புறநகருக்கு மேலே 31 மீட்டர் உயரமாக நின்ற தங்கக் கழிவு அணை, சுமார் 50 மில்லிமீட்டர் இடிமழைக்குப் பின் உடைந்தது. ஏறத்தாழ 6 லட்சம் கன மீட்டர் சேறு வீடுகளின் மீது பாய, 17 பேர் இறந்தனர். அணைக்கும் முதல் வரிசை வீடுகளுக்கும் இடையே இருந்த தொலைவு சுமார் 320 மீட்டர் மட்டுமே. அணையின் அடிச்சரிவில் கசிவும் சிறுசரிவுகளும் நெடுநாளாகவே காணப்பட்டிருந்தன. அணையின் உடைந்த பிரிவில் கழிவு விடுவது நிறுத்தப்பட்டதாகக் கொள்ளப்பட்டிருந்தும் நீரும் சேறும் அங்கே போய்க்கொண்டிருந்தன. குளம் வடிகுழாயைவிட்டு நகர்ந்து கரையோரம் வந்திருந்தது. நீர் கரையை மீறி வழிந்து அடிச்சரிவை அரித்தது தொடக்கம் என்பது தெளிவு. ஆனால் அரிப்பால் மட்டும் இத்தனை சேறு ஊருக்குள் ஓடியிருக்க முடியாது. எஞ்சிய சேற்றை ஆராய்ந்த ஃபூரி, பிளைட், பாபாஜார்ஜியூ ஆகியோர், அணையின் உள்ளே சேற்றின் ஒரு பகுதி காசகிராண்டேயின் எல்லை அடர்த்தியை எட்டாத, சுருங்க முற்படும் நெகிழ்நிலையில் இருந்ததாகவும், வெளிச்சரிவு அரித்துப் போனதும் தாங்கலை இழந்து நிலநடுக்கமின்றியே திரவமானதாகவும் விளக்கினர். வெயிலில் காயவைக்கும் பழைய வழக்கம் எங்கே கைவிடப்பட்டதோ அங்கே பட்டறிவு விதியும் காவலை விட்டுவிட்டது. தென்னாப்பிரிக்கா 1998இல் சுரங்கக் கழிவுக்கெனத் தனி நடைமுறை விதித்தொகுப்பை வெளியிட்டது.

சேறு சுருங்குமா விரியுமா என்பதைக் கூம்பின் எதிர்ப்பிலிருந்தே கணிக்கும் வழி இதற்கிடையே கனடாவில் பிறந்திருந்தது. ஆர்க்டிக் கடலில் எண்ணெய் தேடுவதற்காக மணலை இறைத்து எழுப்பிய செயற்கைத் தீவுகளின் உறுதியை அளக்க வேண்டியிருந்த பீனும் ஜெஃப்ரிஸும், மண்ணின் தற்போதைய நெருக்கத்துக்கும் எல்லை நெருக்கத்துக்கும் உள்ள தொலைவை நிலை அளவுரு என்று 1985இல் வரையறுத்தனர். இறைத்துப் படியவைத்த மணல் என்ற வகையில் செயற்கைத் தீவும் கழிவுச்சேற்று அணையும் ஒரே இனத்தவை. எனவே அம்முறை சுரங்கங்களுக்கு எளிதில் பரவியது.

2014 ஆகஸ்ட் 4 அன்று கனடாவின் மவுண்ட் பாலி அணை உடைந்தபோது அதை ஆராய அமைந்த மூவர் குழுவில் மார்கன்ஸ்டர்ன், விக் ஆகியோருடன், 1981 கட்டுரையின் ஆசிரியருள் ஒருவரான டிர்க் வான் சைலும் இடம்பெற்றார். குழு கண்ட காரணம் கழிவில் இல்லை, அடிநிலத்தில் இருந்தது: பனிப்பாறை ஏரியில் பண்டைக் காலத்தில் படிந்த களிமண் படலம் ஒன்று கரைக்கு அடியில் கிடந்தது, அதன் இயல்பை வடிவமைப்புக்கு முன் நடந்த துளையாய்வுகள் வெளிப்படுத்தவில்லை. சோதனை எத்தனை துல்லியமாயினும், ஊசி இறங்காத இடத்தைப் பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை. அடுத்த ஆண்டு நவம்பர் 5 அன்று பிரேசிலின் மினாஸ் ஜெராய்ஸ் மாநிலத்தில் 19 உயிர்களைப் பறித்த ஃபுண்டாவ் அணையின் கதையும் இத்தகையதே. மணல் மட்டும் படிந்திருக்க வேண்டிய இடத்தில் நுண்சேறு புகுந்திருந்தது; கரையின் ஒரு பகுதி உள்நோக்கித் தள்ளிக் கட்டப்பட்டதால் அச்சேற்றின் மீதே ஏறி நின்றது.

2019 ஜனவரி 25 அன்று அதே மினாஸ் ஜெராய்ஸ் மாநிலத்தில் புருமாடினோவின் 86 மீட்டர் உயர அணை, பகல் உணவு நேரத்தில், சில நொடிகளில் முழுமையாகக் குலைந்து 270 பேரைக் கொன்றது. 1976இல் தொடங்கி மேல்நீர் முறையில் படிப்படியாக உயர்த்தப்பட்ட அவ்வணையில் 2016லேயே கழிவு விடுவது நின்றிருந்தது. பீசோமீட்டர்கள் இருந்தன, பீசோகோன் பதிவுகள் இருந்தன, மேற்பரப்பில் எச்சரிக்கும் அசைவு ஏதும் தென்படவில்லை. கூம்பின் வெட்டலை முறையை உருவாக்கியவருள் ஒருவரான பீட்டர் ராபர்ட்சன் தலைமையிலான நிபுணர் குழு 2019 டிசம்பரில் தன் அறிக்கையை வெளியிட்டது. இரும்புத் தாதுக் கழிவின் துகள்கள் இரும்பு ஆக்சைடால் ஒன்றோடொன்று பிணைந்து, விறைப்பாக இருந்தும் நொறுங்கும் இயல்பு பெற்றிருந்தன என்றும், போதிய உள்வடிகால் இல்லாததால் நீர்மட்டம் உயர்ந்தே நின்றது என்றும், நீடித்த சுமையின் கீழ் மெல்ல நிகழ்ந்த ஊர்வும் மழையால் உறிஞ்சுவிசை குறைந்ததும் சேர்ந்து குலைவைத் தூண்டின என்றும் குழு விளக்கியது. விட்வாட்டர்ஸ்ராண்டில் வெயில் செய்த வேலையைச் செய்ய, மழை மிகுந்த மினாஸ் ஜெராய்ஸில் எதுவும் இல்லை. ஓரிடத்தின் காலநிலையோடு பிறந்த கட்டுமுறை அந்தக் காலநிலையை விட்டுவிட்டுப் பயணம் செய்ததன் விலை அது.

அதன்பின் எழுந்த விவாதம் களச் சோதனையின் வரலாற்றிலேயே மிகக் கடினமான கேள்வியைக் கொண்டுவந்தது. அணை குலைந்த அந்த நேரத்தில் அதன் மீது ஒரு துளையிடும் இயந்திரம் இயங்கிக்கொண்டிருந்தது. மாதிரி எடுத்துப் பீசோமீட்டர் நடுவதற்காகவே அத்துளை இடப்பட்டது. அதற்குச் சில மாதங்களுக்கு முன், 2018 ஜூனில், நீரை வடிக்கப் படுக்கைவாட்டில் குழாய் செருகும் பணியும், துளையிடும் நீரின் அழுத்தத்தால் சேறு பிளந்து நீர் வெளிவந்ததையடுத்து நிறுத்தப்பட்டிருந்தது. நிபுணர் குழு துளையிடலைத் தூண்டுதலாக ஏற்கவில்லை. பிரேசில் அரசு வழக்கறிஞர்களுக்காக ஆய்வு செய்த பார்சிலோனாவின் எண்முறைப் பொறியியல் மையம், குறிப்பிட்ட நிலைமைகளில் துளையின் அடியில் எழும் நீரழுத்தம் திரவமாதலைத் தொடங்கிவைத்திருக்கக்கூடும் என்று 2021இல் கணக்கிட்டுக் காட்டியது. இருசாராரும் ஒரே சேற்றை, ஏறத்தாழ ஒரே தரவுகளைக் கொண்டு ஆராய்ந்தவர்கள். எந்த முடிவை ஏற்றாலும் ஒன்று மாறவில்லை: அவ்வணை ஒரு துளைகூடத் தாங்குமா என்று ஐயுறத்தக்க நிலையில் இருந்தது, அதன் அடிவாரத்தில் தொழிலாளர் உணவுக்கூடமும் அலுவலகங்களும் இருந்தன. நீரழுத்தத்தை அளப்பதற்கு முன்னரே அந்தக் கூடத்தை அங்கிருந்து அகற்றுவதற்கு எந்தக் கருவியும் தேவைப்பட்டிருக்கவில்லை.

பிரேசில் 2019இல் மேல்நீர் அணைகளைத் தடை செய்து, இருப்பவற்றைக் கலைக்க ஆணையிட்டது. ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் அமைப்பும் முதலீட்டாளர் அமைப்பும் சுரங்க நிறுவனங்களின் பன்னாட்டு மன்றமும் சேர்ந்து 2020 ஆகஸ்டில் வெளியிட்ட உலகத் தரநிலை, ஒவ்வோர் அணைக்கும் பொறுப்பேற்கும் பொறியாளரையும், நிறுவனத்தின் மேல்நிலையில் பதில் சொல்லக் கடமைப்பட்ட அதிகாரியையும் பெயரிட்டு நியமிக்க வேண்டும் என்கிறது. அளவீடு எடுப்பவரின் எச்சரிக்கை, முடிவெடுப்பவரை நேரடியாகச் சென்றடைய வேண்டும் என்பதே இதன் உட்கருத்து. மினாஸ் ஜெராய்ஸில் மிக ஆபத்தானவை என அறிவிக்கப்பட்ட அணைகளுக்குக் கீழே வாழ்ந்தோர் வெளியேற்றப்பட்டு, கீழ்ப்பகுதியில் தடுப்புக்கரைகள் எழுப்பப்பட்டன. நோவா லிமாவில் அத்தகைய அணை ஒன்றின் கழிவை, ஓட்டுநர் இல்லாத மண்வாரி இயந்திரங்களைப் பல கிலோமீட்டருக்கு அப்பால் இருந்து இயக்கி அகற்றினர். மனிதர் கால்வைக்கத் தகாத அணைகளில் மண்ணையும் நீரையும் எவ்வாறு சோதிப்பது என்பது, கையால் கூம்பை அழுத்திய பாரென்ட்சனின் காலத்தில் எழாத கேள்வி. தொலைவிலிருந்து இயக்கும் ஊடுருவல் கருவிகளும், செயற்கைக்கோள் ராடாரால் மில்லிமீட்டர் அளவில் பதிவாகும் அசைவுகளும், அணையின் மீது ஆள் ஏறாமலேயே அதற்கு விடை தேடி வருகின்றன.